பதினான்கு வீடுகளின் எண்

இப்போது என் கைப்பேசிக்கு வருகிற குறுஞ்செய்திகள் எல்லாம் எனக்கே உரியவை. எரிவாயு உருளை பதிவாகிவிட்டது என்பார்கள், மின்கட்டணம் கட்டச் சொல்வார்கள், ஏதாவது ஒரு நகைக்கடை ஆடித் தள்ளுபடிக்கு அழைக்கும். சில நாட்களில் ஒன்றுகூட வருவதில்லை. அந்த அமைதி எனக்கு இத்தனை இதமாக இருக்கும் என்று சென்ற ஆண்டு யாராவது சொல்லியிருந்தால், என் மதிப்பைக் குறைத்துப் பேசுகிறார் என்றே எடுத்துக்கொண்டிருப்பேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தை நம்பி நடந்த ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆவணப் பிரிவில் வேலை பார்த்து, அப்பிரிவின் தலைவராக ஓய்வு பெற்றவன் நான். உப்போ, கருவாடோ, பருத்தி நூலோ, எது கப்பலேறுவதாக இருந்தாலும் அதற்கு முன்னால் காகிதம் ஏற வேண்டும். நான் கையெழுத்திட்டு அனுப்பிய காகிதம் எதுவும் சுங்க அலுவலகத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. என் தந்தை நாசரேத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். எழுத்துப் பிழையை அவர் ஒழுக்கக் குறைவாகவே கருதினார். பாளையங்கோட்டையில் கல்லூரி முடித்து நான் வேலையில் சேர்ந்தபோது அவர் சொன்ன ஒரே அறிவுரை, மேசையை விட்டு எழும்போது மேசை வெறுமையாக இருக்க வேண்டும் என்பதுதான்.

எங்கள் தெரு திரேஸ்புரம் சாலையிலிருந்து பிரிந்து கடலை நோக்கிப் போகிறது. மேற்கு முனையில் கடைக்காரர்களும் ஆசிரியர்களும் எங்களைப் போன்ற உத்தியோகக் குடும்பங்களும் இருக்கிறோம். கிழக்கே போகப் போக வாசல்களில் வலையும் ஐஸ் பெட்டியும் தென்படும். எண்பதுகளின் இறுதியில் இத்தெருவின் முதல் தொலைபேசி என் வீட்டுக்கு வந்தது. நிறுவனம் வைத்துக் கொடுத்தது. அந்நாளில் தொலைபேசி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணைத் தம் எண்ணாக எழுதி, அருகில் ‘பி.பி.’ என்று இரண்டு எழுத்துப் போட்டுக்கொள்வார்கள். கடிதத் தாளிலும், ஏன், கல்யாணப் பத்திரிகையிலும்கூட அப்படி அச்சடித்தார்கள். ஓராண்டுக்குள் கிழக்குப் பக்கத்துப் பத்திரிகைகள் பலவற்றில் என் எண் இருந்தது. கொழும்பிலிருந்தும், தோணியில் சரக்கேற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போனவர்களிடமிருந்தும் அழைப்பு வரும். ஆள் அனுப்பிக் கூப்பிடுவேன். அந்த வீட்டுப் பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து முன்னறையில் நின்று பேசுவார்கள். நான் சுவர் நாட்காட்டியின் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். அதில் எனக்கு ஒரு சலிப்பும் இருந்ததில்லை. இவ்வளவு பேருடைய பேச்சு என் வீட்டுக் கம்பி வழியாகப் போகிறது என்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

கைப்பேசி வந்ததும் இந்த வழக்கம் இயல்பாகவே மறைந்திருக்க வேண்டும். அதை மறையவிடாமல் பிடித்து வைத்தவன் நான்.

ஆதாருக்குப் பதிவு செய்யும் முகாம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்தபோது, தெரு மக்களுக்குப் படிவம் நிரப்பித் தர ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கைப்பேசி எண்ணுக்கென்று இருந்த கட்டத்தில் நிலையான எண்ணாக எழுதுங்கள் என்று அலுவலர் சொன்னார். சிலரிடம் அப்போது கைப்பேசியே இல்லை. வைத்திருந்தவர்களும் சலுகை தீர்ந்தால் எண்ணை மாற்றிவிடுகிறவர்கள் என்பது என் எண்ணம். ஆகவே என் எண்ணையே எழுதினேன். அவர்கள் என்னைக் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. நான் அவர்களைக் கேட்டேன் என்றும் சொல்ல முடியாது. பின்னர் குடும்ப அட்டைக்கும், சான்றிதழ்களுக்காக அரசு இணையத்தில் ஒவ்வொருவரும் பதிந்துகொள்ள வேண்டியிருந்த பதிவுக்கும் அதே எண் போயிற்று. இப்படிப் பதினான்கு வீடுகள்.

ஒரு குறிப்பேடு வைத்து முறையாகத்தான் நடத்தினேன். செய்தி வந்தால் யாருக்கென்று பார்த்து, எழுதி, சொல்லி அனுப்புவேன். முதலில் மாதத்துக்கு நான்கைந்து வந்தன. பிறகு எல்லாமே கைப்பேசி வழியாக வரத் தொடங்கியது. கணினி மையத்திலிருந்து யாராவது அழைத்து, “அண்ணாச்சி, இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க” என்பார்கள். பத்து நிமிடத்துக்குள் சொல்லாவிட்டால் அது செல்லாது. பகல் உறக்கம் போயிற்று. ஆலயத்தில் ஜெபம் நடக்கையில் சட்டைப்பை அதிரும். என் மனைவி ஒருநாள், “வேலைய விட்டு ரிட்டயர் ஆனியளா, வேலைக்குச் சேந்தியளா?” என்று கேட்டாள்.

அவளிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. செய்திகள் எனக்குப் பிடிபடாமல் போய்க்கொண்டிருந்தன. பெயர் இருக்காது, நீண்ட விண்ணப்ப எண் மட்டும் இருக்கும், அதுவும் அரைகுறை ஆங்கிலத்தில். என் கண்ணிலும் புரை விழத் தொடங்கியிருந்தது. யாருடைய எண் இது என்று வீடு வீடாகப் போய்க் கேட்பது எனக்குத் தகுதியான காரியமாகத் தோன்றவில்லை. வேண்டியவர் வந்து கேட்பார் என்று இருந்துவிட்டேன். அலுவலகத்தில் சனிக்கிழமைக்கு முந்திய காகிதம் எதுவும் மேசையில் தங்கக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தேன். அதே விதிப்படி ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் கைப்பேசியில் இருந்த செய்திகள் அனைத்தையும் அழித்துவிடுவேன்.

இந்த நிலையில்தான் மாநகராட்சி எங்கள் வட்டத்தில் பூட்டிக் கிடந்த படிப்பகத்தைத் திறந்து, வெள்ளையடித்து, நான்கு கணினிகளும் காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பும் ஓர் இயந்திரமும் வைத்து, டிஜிட்டல் உதவி மையம் என்று பலகை மாட்டியது. அங்கே இணையம் இலவசம். மாலையில் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் கைப்பேசி வகுப்பு உண்டு. மகளிர் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள்தாம் அதை நடத்தினார்கள். திறப்பு விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. நான் போகவில்லை. பட்டம் பெற்றவனுக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்தேன்.

நான் போகாததால் அது என்னிடம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், ஒரே நிறத்தில் சேலையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு பெண் வாசலில் நின்றார். ஆத்தூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவராம். ஒவ்வொரு வீட்டிலும் யாரிடம் கைப்பேசி இருக்கிறது, யாருடைய எண் எதில் பதிவாகியிருக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார்.

“சார், இந்த நம்பர் ஒங்களுதா?”

“ஆமாம்.”

“கெழக்க பதினாலு வீட்ல, கார்டுல எந்த நம்பர் இருக்குன்னு கேட்டேன். எல்லாரும் இதையே சொல்லுதாவ.”

“நான்தான் கொடுத்தேன்.”

அவர் சற்றுத் தயங்கினார். “தப்பா நெனைக்காதிய சார். ஒரு வீட்டுக்கு எவ்வளவு வாங்குதிய?”

உள்ளே என் மனைவி சிரித்தது கேட்டது. தரகு வேலை பார்ப்பவன் அல்ல நான் என்பதை எவ்வளவு பொறுமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பொறுமையாகச் சொன்னேன். ‘பி.பி.’ என்றால் என்ன என்றும் விளக்கினேன். அவர் பிறப்பதற்கு முந்திய வழக்கம் அது. பாதி கேட்டார்.

“பயிற்சில எங்களுக்குச் சொல்லிருக்காவ சார். ஒரே நம்பரு பல வீட்டுக்கு இருந்தா நடுவுல ஒரு ஏஜெண்டு இருப்பாம்னு. நான் எழுதித்தான் ஆவணும்.” பிறகு, எனக்கு ஒரு சலுகை செய்வதுபோல, “காசு வாங்கலைன்னு சொல்லுதாவன்னு சேத்து எழுதிருதேன்” என்றார்.

வாங்கவில்லை என்பது வேறு, வாங்கவில்லை என்று சொல்கிறார் என்பது வேறு. ஆவணப் பிரிவில் இருந்தவனுக்கு அந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அன்று பகலெல்லாம் உட்கார்ந்து மாநகராட்சிக்கு ஒரு மறுப்புக் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், தமிழில் ஒரு படி.

எழுதிக்கொண்டிருக்கையில் கிழக்குக் கடைசி வீட்டுப் பெண் வந்தார். ஏற்றுமதிக்கு இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை செய்பவர். கணவர் தோணியில் மாலத்தீவுக்குப் போய்வருகிறவர். மூத்தவன் ஐஸ் பாக்டரியில் இருக்கிறான். இளையவளான மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கி, செவிலியர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். குடும்பத்தில் இதற்கு முன் பட்டம் படித்தவர் யாரும் இல்லை என்று வருவாய்த் துறை தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழ் அவளுக்கு வேண்டும். அது இருந்தால்தான் கட்டணச் சலுகை. சலுகை இல்லாவிட்டால் அந்த வீட்டின் நிலைக்கு அந்தப் படிப்பு இல்லை. விண்ணப்பம் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

“அண்ணாச்சி, மெசேஜ் ஏதும் வந்துச்சா?”

மூன்றாவது முறையாகக் கேட்கிறார். “வரவில்லை” என்றேன்.

“நல்லாப் பாத்துட்டியளா? வார செவ்வாக்கெழம சான்றிதழ் சரிபாக்காவ. அன்னைக்குக் கையில இருக்கணுமாம்.”

“வந்தால் நானே சொல்லி அனுப்ப மாட்டேனா? என் கைக்கு வந்த காகிதம் எதுவும் இதுவரை தவறியதில்லை.”

“சரி அண்ணாச்சி” என்று போய்விட்டார். நான் கடிதத்தைத் தொடர்ந்தேன்.

மறுநாள் புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு, கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படிப்பகத்துக்குப் போனேன். பெஞ்சில் ஐந்தாறு பெண்கள் காத்திருந்தார்கள். முதல் கணினியின் முன்னால் கிழக்குக் கடைசி வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து அரை நாள் கேட்டு நேராக வந்திருக்கிறார். ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களை மடியில் கோத்து வைத்திருந்தார். ஆத்தூர்ப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது திரும்பி வந்துட்டே அக்கா. எட்டு நாளாச்சு.”

“திரும்பிட்டுன்னா? இல்லைன்னுட்டாவளா?”

“இல்லைங்கல. ஒங்க மூத்த பையனோட டி.சி. கேட்டு நிப்பாட்டி வச்சிருக்காவ. அவன் காலேஜ் போகலைன்னு காட்டணும்லா, அதுக்கு. அன்னைக்கே ஒங்களுக்கு மெசேஜ் அனுப்பிருக்காவளே.”

“எனக்கு எங்க? அண்ணாச்சி நம்பருக்குல்லா வரும். வரலைன்னாவளே.”

அப்போதுதான் வாசலில் நின்ற என்னை எல்லோரும் பார்த்தார்கள்.

எட்டு நாள் என்றால் ஒரு திங்கட்கிழமை இடையில் போயிருக்கிறது. பின்னோக்கி எண்ணிப் பார்க்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ‘ரிட்டர்ன்டு’ என்ற சொல் முதல் வரியில் இருந்த ஒரு நீண்ட செய்தியை, யாருடையது என்று தெரியாமல், அதற்கு மேல் படிக்காமல் அழித்தது நினைவில் எழுந்தது. ஆத்தூர்ப் பெண் என் முகத்தைப் பார்த்தார். அவர் என்ன கண்டாரோ தெரியாது, மெதுவாகச் சொன்னார். “சில நேரம் சர்வர்லருந்து மெசேஜ் போகாது அக்கா. சாரைச் சொல்லி என்ன செய்ய?”

எனக்காகத் திறந்து வைத்த கதவு அது. நேற்று என்னைத் தரகன் என்று எழுதியவரே திறந்து வைத்தது. உள்ளே நுழைந்து சாத்திக்கொள்வது எளிது. என் கைப்பேசியில் அந்தச் செய்தி இல்லை, இல்லாததை யாரும் எடுத்துக் காட்ட முடியாது. ஆனால் பழி சர்வரின் மேல் போனால், அந்தப் பெண் அதே எண்ணோடுதான் விண்ணப்பத்தை மீண்டும் அனுப்புவார். அடுத்த செய்தியும் என் பைக்கே வரும். இடையில் ஒரு திங்கட்கிழமையும் இருந்தது.

“செய்தி வந்தது,” என்றேன். “நான் அழித்துவிட்டேன்.”

கிழக்குக் கடைசி வீட்டுப் பெண் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

“ஏன் அண்ணாச்சி?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். “யாருடையது என்று தெரியவில்லை. மேசையைத் துடைப்பதுபோல, வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் துடைத்துவிடுவது என் பழக்கம்.”

“தெரியலைன்னா கேக்க வேண்டியதான? பதினாலு வீடுதான இருக்கு. நடந்தா அஞ்சு நிமிசம்.” பிறகுதான் குரல் ஏறியது. “மூணு வாட்டி ஒங்க வாசல்ல வந்து நின்னேன். மூணு வாட்டியும் வரலைன்னிய. ஒங்க மேசையத் தொடைக்கதுக்கு எம்புள்ள படிப்பா கெடச்சுது?”

“ஏளா, சத்தம் போடாத. பெரிய மனுசன்” என்றார் பெஞ்சிலிருந்த ஒருவர்.

“பெரிய மனுசன்னுதான அவிய நம்பரக் குடுத்தோம்?”

ஆத்தூர்ப் பெண்தான் பேச்சை வேலைக்குத் திருப்பினார். “அழுவதுக்கு நேரம் இல்லை அக்கா. இன்னைக்கே ஏத்திட்டா வி.ஏ.ஓ. நாளைக்குப் பாத்துருவாவ. மொதல்ல நம்பர மாத்துவோம். ஒங்களுக்குன்னு போன் இருக்கா?”

“இருக்கு. ஒம்போது வருசமா ஒரே நம்பரு. வாரத்துக்கு ரெண்டு தடவ அவியகிட்ட வீடியோல பேசுதேன்.”

“பெறவு ஏன் அதக் குடுக்கல?”

அவர் என்னைப் பார்த்துவிட்டு, பார்வையைத் திரைக்குத் திருப்பினார். “ஒன் நம்பரு நெலையா இருக்காது, எம் நம்பரு இருக்கட்டும்னு அண்ணாச்சி அன்னைக்குச் சொன்னாவ.”

சொல்லியிருந்தேன். இன்றுவரை எண்ணையே மாற்றாத ஒருவரிடம், கேட்காமலே சொல்லியிருந்தேன். மாலத்தீவில் இருக்கும் கணவரின் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரிந்தவர் அவர். எனக்கு அன்றுவரை அது தெரியாது. இத்தனை ஆண்டுகள் படிப்பில்லாதவர் என்று நான் நினைத்து வைத்திருந்தவருக்கு வழியை மறித்துக்கொண்டு நின்றது அவருடைய படிப்பின்மை அல்ல, என் எண்.

எண்ணை மாற்றவும் ஓடிபி என் கைப்பேசிக்குத்தான் வந்தது. எடுத்துப் பார்த்தேன். அவசரத்தில் மூக்குக் கண்ணாடியை எழுதிய மேசையிலேயே விட்டு வந்திருக்கிறேன். கைப்பேசியை அவரிடமே நீட்டினேன். ஈர விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, இலக்கங்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். பிழையில்லாமல் படித்தார். அடுத்த ஓடிபி அவருடைய கைப்பேசியிலேயே மணியடித்தது.

மூத்தவனின் மாற்றுச் சான்றிதழ் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது. அவர் ஓடிப்போய் எடுத்துவந்தார். மூன்றே முக்காலுக்கு அதைப் படம் பிடித்து ஏற்றியாயிற்று. அவர் தம் கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

“நீங்க என்ன விசயமா வந்திய சார்?” என்று ஆத்தூர்ப் பெண் கேட்டார்.

“பிறகு வருகிறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கடிதம் பையிலேயே இருந்தது.

வியாழக்கிழமை காலையில் நான் கிழக்குக் கடைசி வீட்டுக்குப் போனேன். அந்த முனைக்கு நான் நடந்து போய் எத்தனை ஆண்டுகள் ஆயிற்று என்று தெரியவில்லை. தாசில்தார் அலுவலகத்தில் ஒருவரை எனக்குப் பழக்கம், வேண்டுமானால் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். தாய் வேலைக்குப் போயிருந்தார். மகள் கதவைத் திறந்தாள்.

“வேண்டாம்யா,” என்றாள் மரியாதையாக. “யாருகிட்ட இருக்குன்னு போன்லயே தெரியுது. வி.ஏ.ஓ. காலைல முடிச்சிட்டாங்க. இப்ப ஆர்.ஐ.கிட்ட இருக்கு. அடுத்து தாசில்தார் ஆபீஸ்ல கையெழுத்துதான்.”

எனக்குப் பழக்கமான அந்த ஒருவர் ஓய்வு பெற்றே நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்பது திரும்பி நடக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தோம். “என்னத்துக்கு இப்பிடி நடையா நடக்கிய?” என்றாள் என் மனைவி. சொன்னேன், முழுவதும். அவள் சிரிக்கவில்லை. “அந்தக் குறிப்பேட்ட எடுத்துட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை குறிப்பேட்டோடு படிப்பகத்துக்குப் போனேன். மீதிப் பதின்மூன்று வீட்டாரையும் ஆத்தூர்ப் பெண் ஆள்விட்டு அழைத்தார். ஆதாரில் உள்ள கைப்பேசி எண்ணை மாற்றும் அலுவலர் ஒருவரும் தம் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். நாள் முழுதும் என் கைப்பேசி மணியடித்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, வந்த ஒவ்வோர் எண்ணையும் பெயர் சொல்லிப் படித்தேன். உப்பளத்தில் வேலை செய்கிற ஒருவரின் விரல்ரேகை தேய்ந்துபோய் இயந்திரத்தில் விழவில்லை. கண்ணைப் படம் பிடித்துப் பதிந்தார்கள். வேம்பாருக்குக் குடிபெயர்ந்துவிட்ட குடும்பம் ஒன்று செய்தி கேட்டுப் பேருந்து பிடித்து வந்து சேர்ந்தது. தாங்கள் வீடு மாறியும் எண் மாறாமல் இருந்ததை அவர்களே மறந்திருந்தார்கள்.

கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு பெரியவர் மட்டும் பிடிவாதம் பிடித்தார். “எனக்கு அண்ணாச்சி நம்பரே போதும். அவிய தொடைச்சாலும் சரி.”

“மாமா, என் நம்பரப் போட்டா நான் தொடைக்க மாட்டேன்” என்றாள் அவருடைய மருமகள். பெஞ்சு முழுவதும் சிரித்தது. நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. அந்த வாரத்தில் என் நெஞ்சு சற்று இளகியது அப்போதுதான்.

மாலையில் எல்லோரும் போன பிறகு ஆத்தூர்ப் பெண் என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். “எழுத்தக் கொஞ்சம் பெருசாக்கி வைக்கவா சார்?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இரண்டு இடத்தில் தொட்டார். எழுத்துகள் பள்ளிக்கூடப் பலகையில் எழுதியவை போலத் தெளிந்து நின்றன. இவ்வளவு எளிய காரியத்துக்கு இத்தனை காலம் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“ஏஜெண்டு என்று எழுதியிருந்தீர்களே,” என்றேன்.

“அத புதன்கெழமையே எடுத்துட்டேன் சார்.”

அன்று மாலை நான் கிளம்பும்வரை சான்றிதழ் வரவில்லை. சனி, ஞாயிறு அலுவலகம் இல்லை. இனி திங்கட்கிழமைதான், அதற்கு மறுநாள் சரிபார்ப்பு. ஒரு கையெழுத்துக்காகத் துறைமுகத்தில் கப்பலை நிறுத்தி வைத்த நாட்கள் என் வேலையில் உண்டு. அப்போதெல்லாம் நான் நன்றாக உறங்கியிருக்கிறேன், ஏனென்றால் பிழை என்னுடையதாக இருந்ததில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பலசரக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எனக்கு நெடுநாள் பழக்கம். துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே சொன்னார்.

“கெழக்குக் கடைசி வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ் வந்துட்டு போல. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

“எப்போது?”

“நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கையெழுத்துப் போட்டாவளாம். ஆறரைக்கெல்லாம் அந்த அம்மா போனுக்கு மெசேஜ் வந்துட்டு. படிப்பகத்துலயே பிரிண்டு எடுத்து, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சாச்சு. காலைல ஆறு மணிக்கெல்லாம் இங்கன வந்து ரெண்டு பாக்கெட் மிட்டாய் வாங்கிட்டு வேன் ஏறிட்டாவ. கம்பெனில குடுக்கதுக்காம். என்ன அண்ணாச்சி, ஒங்களுக்கு வரலையா?”

“இல்லை. எனக்கு வரவில்லை.”

ஆறரைக்கு நான் என் வீட்டில்தான் இருந்தேன். தெருவில் அனைவருக்கும் தெரிந்த பிறகு, பதின்மூன்று மணி நேரம் கழித்து, பருப்புக் கடையில் நான் தெரிந்துகொள்கிறேன். ஒரு காலத்தில் இதை அவமதிப்பு என்று எண்ணியிருப்பேன். அன்று அப்படித் தோன்றவில்லை. கடைக்கு வெளியே அடுக்கியிருந்த அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். அந்தக் கடையில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை.

கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டிவிட்டு எட்டிப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, தலை சுத்துதா? சோடா ஒடைக்கட்டா?”

“உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை,” என்றேன். “கொஞ்ச நேரம் இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.”